ஞாயிற்றுக்கிழமை மழை

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மழை பெய்வதில்லை. இதை நான் சொல்லவில்லை, எங்கள் பள்ளிக்கூடத்து மழை நோட்டு சொல்கிறது. இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல், காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதிய நோட்டு. எழுத வைத்தவள் நான்தான். சமூக அறிவியல் டீச்சர். அதிலும் புவியியல் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. பருவமழைப் பாடம் நடத்தும் நாளில் என் தொண்டை அடுத்த வகுப்பு வரைக்கும் கேட்கும் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நோட்டு தொடங்கியதற்குக் காரணம் பாடப்புத்தகம். தமிழ்நாட்டுக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவமழை என்று அதில் போட்டிருக்கும். நான் வாசித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்துவிடும். மார்த்தாண்டத்தில் மாமா வீடு இருக்கிறது, ஸ்கூல் திறக்கும்போதே அங்கே மழை ஊற்றுகிறதே டீச்சர் என்று கேட்கும். ஊற்றத்தான் செய்யும். அதே நாளில் கிழக்கே அஞ்சுகிராமத்தில் கொடியில் போட்ட துணி அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிகள் வெறிபிடித்துச் சுற்றும், ஒரு சொட்டு விழாது. எங்கள் ஊர் இவற்றுக்கு நடுவில் கிடக்கிறது. மேற்கு மழை சில நாள் மலையைத் தாண்டி எட்டிப் பார்க்கும், சில நாள் பார்க்காது. ஐப்பசி மழை வந்தால் வயலெல்லாம் முங்கும், வராத வருடம் குளத்தில் கிரிக்கெட் விளையாடலாம். எங்களை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, யாரும் சேர்த்ததும் இல்லை.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. மேற்கே கனமழை என்று மாவட்டம் முழுக்க லீவு விடுவார்கள். எங்கள் ஊரில் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளக்கும். லீவு கிடைத்த சந்தோஷத்தில் அதை யாரும் புகார் செய்வதில்லை. ஆனால் எங்கள் ஊரில் மட்டும் கொட்டித் தீர்க்கும் நாட்கள் உண்டு. அன்றைக்கு லீவு கிடையாது, மறுநாள் பேப்பரில் ஊர் வாரியாகப் போடும் மழை அளவிலும் எங்கள் ஊர் பேர் இருக்காது. எங்கே அளந்தார்களோ அந்த ஊர்தான் பேப்பரில் வரும். எங்கள் ஊரில் அளக்க ஆள் இல்லை.

அப்படித்தான் லேப் பரணில் கிடந்த பழைய மழைமானியை இறக்கினேன். புனல், கீழே தண்ணீர் சேரும் போத்தல், மில்லிமீட்டர் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை, எல்லாம் சேதமில்லாமல் இருந்தன. மைதானத்து மூலையில் மரநிழல் படாத இடத்தில் நட்டு, சுற்றிலும் கம்பி வலை அடித்து, பூட்டும் போட்டோம். பதினோரு பிள்ளைகளைச் சேர்த்து மழைக்குழு. விதிகள் நான் வைத்தவை. காலை எட்டரை என்றால் எட்டரை. ஒருவர் அளக்க வேண்டும், இன்னொருவர் குனிந்து கோட்டைச் சரிபார்க்க வேண்டும், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்து இல்லாத அளவு செல்லாது. அளக்க முடியாத நாளில் அளக்கவில்லை என்று எழுது, மனதில் தோன்றியதை எழுதாதே. பூஜ்யமும் ஒரு அளவுதான், போத்தலைத் திறந்து பார்த்தவருக்குத்தான் பூஜ்யம் எழுத உரிமை உண்டு. இந்தக் கடைசி விதியை அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நான் வாயைத் திறந்ததுமே பிள்ளைகள் முடித்துவைப்பார்கள்.

மழைக்கணக்கு எடுக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். அமைதியான மனிதர். மானி வைத்த இடம் சரி என்றார். இரண்டு வருடம் தினசரி அளவு இடைவெளி இல்லாமல் எழுதிக் காட்டுங்கள், எங்கள் பட்டியலில் உங்கள் ஊரைச் சேர்க்க நான் எழுதுகிறேன் என்றார். பட்டியலில் சேர்ந்தால் பேப்பரில் வரும். அன்றைக்கு மழைக்குழுவில் ஒரு பிள்ளைக்கும் கால் தரையில் இல்லை. எனக்கும்தான். மூன்று வருடத்தில் ரிட்டயர் ஆகிவிடுவேன். அதற்கு முன்னால் ஒரு நாள் பேப்பரைப் பிரித்து எங்கள் ஊர் பேரையும் பக்கத்தில் ஒரு எண்ணையும் பார்த்துவிட வேண்டும். அதற்குமேல் பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சர்ச்சில் எட்டரைக்கு முதல் மணி அடிக்கும். நான் பாடகர் குழுவில் இருக்கிறேன், குழுப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஞாயிறு பள்ளி. மீதிப் பிள்ளைகளின் வீடுகள் தூரம். அப்போதுதான் என் சிநேகிதி, கணக்கு டீச்சர், ஞாயிற்றுக்கிழமையை அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவள் வீடு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எங்கள் மழைமானி தெரியும். அவர்கள் சைவப்பிள்ளைமார், ஞாயிறு காலை அவளுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. பதிலுக்கு சுசீந்திரம் தேரோட்டத்துக்கும், அவர்கள் ஊர்க்கோயில் திருவிழாவுக்கும் அவளுடைய வேலையெல்லாம் என் தலையில். இந்த ஏற்பாடு எங்கள் ஊரில் புதிதில்லை. அவர்கள் விசேஷத்துக்கு நாங்கள், எங்கள் விசேஷத்துக்கு அவர்கள். பஸ் கண்டக்டர், நர்ஸ், பேங்க் கிளார்க் எல்லாரும் இப்படித்தான் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருபத்திரண்டு வருடமாக மதியச் சாப்பாடு ஒரே மேஜையில். அவள் டப்பாவில் தீயல் இருந்தால் பாதி எனக்கு. அவள் மூக்கைச் சுளிப்பாளே என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் பள்ளிக்கூடத்துக்கு மீன் கொண்டுபோனதில்லை. எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் கிடையாது, அப்படியும் கொண்டுபோனதில்லை. அதனால் ஞாயிறு விதியில் ஒரு சலுகை வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கையெழுத்து போதும். அவளுக்கு எதற்கு இன்னொரு ஆள் சரிபார்ப்பது? கணக்கு டீச்சர், அதற்கு மேல் என் சிநேகிதி. பிள்ளைகளிடம் அப்படித்தான் சொன்னேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மழைக்குழுவின் தலைவி ஒரு பெண். தொடங்கும்போது எட்டாம் வகுப்பு, இப்போது பத்து. அப்பா பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வயலில் நெல் போடுகிறவர். எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வலைக்குப் பக்கத்தில் நிற்பாள். கையெழுத்து அச்சில் போட்டதுபோல் இருக்கும். போன ஐப்பசியில் நட்டுப் பத்து நாள் ஆகாத கும்பப்பூ போகத்து நாற்று ஒரே ராத்திரி மழையில் முங்கிப்போனது. அப்பா நஷ்ட ஈடு கேட்டு வேளாண்மை அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது, பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு அன்றைக்கு உங்கள் பக்கத்தில் தூறல்தானே என்றார்களாம். பட்டியலில் இருப்பது ஏழு மைல் தள்ளி இருக்கும் ஊர். அவர் என்னிடம் வந்து, உங்க நோட்டு சீக்கிரம் அங்கே ஏறட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றாள். அப்பா முன்னால் கூச்சம் என்று நினைத்தேன்.

இந்த ஜூனோடு இரண்டு வருடம் முடிந்தது. அதிகாரி வியாழக்கிழமை வருவதாகத் தகவல். திங்கட்கிழமை நான் ஒன்பதாம் வகுப்பில் நோட்டைக் கொண்டுபோனேன். சராசரி போடச் சொல்லிக்கொடுப்பதற்கு இதைவிட நல்ல பொருள் ஏது? ஒரு வரிசைக்கு ஒரு கிழமை என்று பிரித்துக் கொடுத்தேன். உங்கள் கிழமையில் மொத்தம் எவ்வளவு பெய்திருக்கிறது, கூட்டுங்கள். மற்ற வரிசைகள் இன்னும் கூட்டிக்கொண்டிருக்க, ஞாயிறு வரிசையிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை நம்ம ஊர்ல மழை பெய்யாதா?"

வகுப்பு சிரித்தது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை குவாரி லாரி ஓடாது, தூசி இல்லை, அதனால் மேகம் இல்லை என்றது ஒரு பிள்ளை. சர்ச்சில் வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள் நனையக்கூடாது என்று ஆண்டவர் நிறுத்தி வைக்கிறார் என்றது இன்னொன்று. நானும் சிரித்தேன். அதற்குள் திங்கட்கிழமை வரிசை விடை சொன்னது. மற்ற எந்தக் கிழமையையும்விடத் திங்கட்கிழமை ஏறக்குறைய இரண்டு மடங்கு. என் சிரிப்பு அங்கேயே நின்றது. மணி அடிக்கும்வரை என்ன பாடம் நடத்தினேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

நூலகத்தில் தனியாக உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். முதல் நான்கு மாதத்து ஞாயிறுகளில் அளவுகள் இருந்தன. இரண்டு புள்ளி நான்கு, ஒன்பது புள்ளி ஆறு, இடையிடையே பூஜ்யம். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் பூஜ்யம். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக ஒரு ஞாயிறு பாக்கியில்லாமல், அவளுடைய அழகான கணக்கு டீச்சர் எழுத்தில், பூஜ்யம், புள்ளி, பூஜ்யம். எட்டரைக்கு அளப்பது முந்தின இருபத்துநான்கு மணி நேரத்து மழை. சனிக்கிழமை சாயந்திரம் பெய்தால் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் வர வேண்டும். எனக்கு ஒரு சனிக்கிழமை நன்றாக ஞாபகம் இருந்தது. பாட்டுப் பயிற்சி முடிந்து கிளம்ப முடியாமல் சர்ச்சுக்குள் ஒன்றரை மணி நேரம் அடைபட்டுக் கிடந்தோம். ஓட்டில் விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. தலைவிப் பெண்ணின் நாற்று முங்கியது அந்த மழையில்தான். பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஞாயிறு, பூஜ்யம். திங்கள், நூற்றுப் பதினெட்டு. குடுவையில் ஆறு தடவை ஊற்றி அளந்தோம் என்று பிள்ளைகள் அன்றைக்கு ஆரவாரமாக வந்து சொன்னதும், நான் தட்டிக்கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. எனக்கு அந்த இடத்திலேயே நோட்டைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது. நான் ஏன் இதைப் பார்க்கவில்லை? ஒவ்வொரு மாதமும் மொத்தத்தைக் கூட்டிக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான். மொத்தத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

மதியம் எல்லாரும் எழுந்துபோன பிறகு நோட்டை அவள் முன்னால் வைத்தேன். அவள் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். மறுக்கவில்லை, அது அவள் குணம். முதல் நான்கு மாதம் போனதாகவும், பிறகு ஒரு ஞாயிறு எழுந்திருக்க முடியவில்லை என்றும், மறுநாள் பிள்ளைகள் போத்தலில் இருந்ததை அளந்து எழுதிவிட்டார்கள் என்றும், ஒன்றும் கெட்டுப்போகவில்லையே என்று அப்புறம் போகவில்லை என்றும் சொன்னாள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொஞ்சம் கிடந்து உறங்க முடிகிறது என்றும் சொன்னாள். இதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

"பாக்காம பூஜ்யம் போட்டிருக்கே," என்றேன்.

"ஏட்டி, போத்தல்ல கெடந்த வெள்ளம் எல்லாம் திங்கக்கிழமைல ஏறியாச்சு. பின்ன ஞாயித்துக்கிழமைக்கு என்ன மிச்சம்? பூஜ்யம்தானே. ஒரு சொட்டு நான் கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. மாசக் கணக்கு சரியா இருக்கா இல்லியான்னு நீயே பாரு."

சரியாகத்தான் இருந்தது. அவள் திருட்டுத்தனம் செய்யவில்லை, கணக்குச் செய்திருக்கிறாள். நூற்றுப் பதினெட்டு ஒரே நாளில் பெய்வதும் இரண்டு நாளில் பெய்வதும் அவளுக்கு ஒன்று. வயலில் நிற்கிற நாற்றுக்கு ஒன்றில்லை. என்றைக்குப் பெய்தது என்று எழுதுவதற்குத்தானே இந்த நோட்டே.

ஒரு ஞாயிறாவது சர்ச் விட்டு வரும்போது எட்டிப் பார்த்தாயா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

"பாக்கல்ல. உன்னப் போய்ப் பாக்கணும்னு எனக்குத் தோணல்ல," என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தேழு வயதில் ஸ்டாஃப் ரூமில் அழுவது அசிங்கம். எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன்.

மறுநாள் டப்பாவில் சாளை மீன் புளிமுளம் கொண்டுபோனேன். அவள் மேஜையைவிட்டு எழுந்து போகட்டும் என்றுதான். அவள் எழவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். எனக்கு அந்த மீன் இறங்கவில்லை.

தலைவிப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு முழுவதும் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை காலைகளில் பூட்டில் சிலந்தி வலை கட்டியிருக்குமாம். சனிக்கிழமை அவள் பூட்டிய பூட்டு, யாரும் திறக்கவில்லை என்று பார்த்ததுமே தெரியுமாம். நோட்டை அதற்குப் பிறகு கணக்கு டீச்சர் வாங்கி ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தை நிரப்பித் தருவாராம். குழுவில் பதினோரு பேருக்கும் தெரியும்.

"உனக்க வயலுலயே வெள்ளம் நின்னுதே மக்கா," என்றேன். "அதுக்கு மறுநாளும் நீ கையெழுத்துப் போட்டியா?"

"நாங்க திங்கக்கிழமைக்குத்தான் போட்டோம் டீச்சர். நீங்க ரெண்டுபேரும் ஃபிரண்ட்ஸ்லா. உங்களுக்கும் தெரியும்னு நெனச்சோம்."

இந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றரை வருடமாக நான் வகுப்பில் நின்று, பார்த்தவருக்குத்தான் பூஜ்யம் எழுத உரிமை என்று தொண்டை கிழியச் சொல்லும்போது, இந்தப் பதினோரு பிள்ளைகளும் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, பெரியவர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள். அதற்காகக்கூட என்னை வெறுக்கவில்லை. காலையில் எட்டரைக்கு வந்து அளந்துவிட்டுப் போனார்கள்.

தலைமையாசிரியரிடம் போனேன். அவர் நல்லவர், நல்லவர்களுக்கே உரிய முறையில் விஷயத்தைச் சின்னதாக்கினார். கணக்கு டீச்சர் ஒரு வழி சொன்னதாகச் சொன்னார். திங்கட்கிழமையில் பாதியை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டுவிட்டால் முடிந்தது, நோட்டும் கசங்கிக் கிடக்கிறது, புதிதாக ஒன்றில் எழுதிக் கொடுத்துவிடலாம். முடியாது என்றேன். சிவப்பு மையில் ஒவ்வொரு ஞாயிறின்மீதும் அளக்கவில்லை என்று எழுதப்போகிறேன், திங்களில் இரண்டு நாள் மழை என்று எழுதப்போகிறேன், அதிகாரி ஏற்றால் ஏற்கட்டும் என்றேன். பார்த்துக்கொள்ளலாம் டீச்சர் என்றார். எங்கள் ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, புதன்கிழமை முழுவதும் உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதினேன்.

வியாழக்கிழமை தலைமையாசிரியர் அறைக்குள் நுழைந்தபோது மேஜைமேல் புது நோட்டு இருந்தது. காக்கி அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, ஊர் பேர் பெரிய எழுத்தில். அதிகாரி புரட்டிக்கொண்டிருந்தார். நோட்டைக் கொண்டுவந்து கொடுத்த தலைவிப் பெண் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், தலையில் பூ வைத்து, இஸ்திரி போட்ட யூனிபாரத்தில். கணக்கு டீச்சருக்கு அந்த நேரம் வகுப்பு. அதிகாரி என்னைப் பார்த்ததும், ரொம்ப சுத்தமாக எழுதியிருக்கிறார்கள் டீச்சர் என்றார். எட்டிப் பார்த்தேன். அச்சில் போட்டதுபோன்ற அந்தக் கையெழுத்து. நாற்று முங்கிய வாரத்துப் பக்கம் என் கண்ணில்தான் பட வேண்டுமா? ஞாயிறு ஐம்பத்தொன்பது. திங்கள் ஐம்பத்தொன்பது. கணக்கு டீச்சர் சொன்னபடியே மழை சமபாகமாகப் பெய்திருந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. கையில் வைத்திருந்த பழைய நோட்டை அதன் பக்கத்தில் விரித்து வைத்தேன். சார், இது எங்கள் நோட்டு இல்லை, இதுதான் எங்கள் நோட்டு என்றேன். இரண்டிலும் அதே பக்கத்தைக் காட்டினேன். இது இந்த வாரம் உட்கார்ந்து எழுதியது, இந்தாருங்கள், இதே பெண்ணின் எழுத்துதான் இரண்டிலும் என்று விரலை வைத்துக் காட்டினேன். கோபமெல்லாம் அந்த அறையில் இல்லாதவள்மேல். விரல் போய் நின்ற இடத்தில் இருந்தது பதினைந்து வயதுப் பிள்ளை. அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் முகம் எப்படி ஆனது என்று நான் பார்க்கவில்லை, நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி யாரையும் திட்டவில்லை. இரண்டு நோட்டையும் மூடி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது என்றார். வாரத்துக்கு ஒரு நாள் இடைவெளி இருக்கும் கணக்கைச் சேர்க்க வழியில்லை, இன்றிலிருந்து தொடங்கி இரண்டு வருடம் எழுதுங்கள், மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே கிளம்பினார். தலைமையாசிரியர் வாசல் வரை போய்விட்டு வந்து, என்னைத் தாண்டி நடந்து, பைல் ஒன்றைத் திறந்துகொண்டார்.

எனக்கு ரிட்டயர்மெண்டுக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கிறது.

கணக்கு டீச்சர் அன்று சாயந்திரம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் என்னை நிறுத்தினாள். பிள்ளையை ஏன் இழுத்தீர்கள், என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கலாமே டீச்சர் என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் ஆள் இல்லாத இடத்தில் அவள் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எழுதச் சொன்னது யார் என்று கேட்டேன். தான்தான் என்றாள். நான் சம்மதித்ததாகப் பிள்ளைகளிடம் சொன்னதையும் ஒத்துக்கொண்டாள். ஊர் பேர் வர வேண்டும் என்று நீங்கள்தானே கிடந்து அடித்துக்கொண்டீர்கள் என்றாள். அவளோடு அதற்குப் பிறகு நான் பேசவில்லை. இப்போதும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறோம், ஆளுக்கு ஒரு ஓரத்தில்.

திங்கட்கிழமை எட்டரைக்குத் தலைவிப் பெண் வலைக்குப் பக்கத்தில் இல்லை. முதல் பீரியட் முடிந்ததும் என்னிடம் வந்து மழைமானிச் சாவியை மேஜைமேல் வைத்தாள். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்கிறவள் மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீங்கதான் எழுதச் சொன்னியன்னு கணக்கு டீச்சர் சொன்னாவ. அதுனாலதான் எழுதினோம். மாசாமாசம் ஆபீசுக்குக் குடுத்த நகலப் பாத்து ரெண்டு நாளா இருந்து எழுதினோம். பொய்யின்னா ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் டீச்சர். மத்த ஆறு நாளும் நாங்க பாத்து எழுதினது. அவருகிட்ட ஞாயித்துக்கிழமையத்தான் காட்டினிய, எனக்க எழுத்தத்தான் காட்டினிய. எங்களக் காட்டிக் குடுத்திட்டிய டீச்சர்."

அவள் சர்ச்சுக்கு வரும் பிள்ளை. காட்டிக் கொடுப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு எந்தச் சீடன் ஞாபகம் வருவான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் மக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சாவியை எடுத்துப் பைக்குள் போட்டேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்துவிட்டது, அவள் போய்விட்டாள். மற்ற பத்துப் பேரும் அதே வாரத்தில் ஒவ்வொரு காரணம் சொல்லி நின்றுகொண்டார்கள். ஒருவருக்கு டியூஷன், ஒருவருக்கு என்சிசி.

இப்போது தினமும் நானே அளக்கிறேன். புது நோட்டு, முதல் பக்கத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமைச் சலுகை இல்லாமல். வார நாட்களில் பியூனைக் கூப்பிட்டு, கோட்டைக் காட்டிச் சரிபார்க்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுகிறேன். அவர் கண்ணாடி போடாமல்தான் குனிகிறார், ஆனாலும் குனிகிறார். பாடகர் குழுவிலிருந்து விலகிவிட்டேன். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கிறேன், யாரும் நம்பவில்லை.

போன சனிக்கிழமை சாயந்திரம் நல்ல மழை. ஞாயிறு காலை கேட்டைத் திறந்து உள்ளே போனபோது மைதானத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. சர்ச்சில் முதல் மணி அடித்தது. பூட்டில் சிலந்தி வலை எதுவும் இல்லை, முந்தின நாள் நான்தான் திறந்திருந்தேன். போத்தலை எடுத்துக் குடுவையில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பதினேழு புள்ளி இரண்டு. சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது, உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்து நின்றேன். பிறகு தண்ணீரைக் கொட்டினேன்.

நோட்டில் அளவை எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். பக்கத்துக் கட்டத்துக்கு ஆள் இல்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதிப்படி அந்த மழையும் செல்லாது.